திறந்த அணுக்க ஆய்விதழ்களின் பதிப்பு நெறிமுறைகள்

திறந்த அணுக்க ஆய்விதழ்களின் பதிப்பு நெறிமுறைகள் என்பவை, வாசகரிடம் கட்டணம் பெறாது இணையத்தில் வெளிவரும் ஆய்விதழ்கள், கட்டுரைகளை மதிப்பிடுவதிலும் ஏற்பதிலும் திருத்துவதிலும் மீளப்பெறுவதிலும் கடைப்பிடிக்கும் விதிகள் ஆகும். கட்டுரையாளர், மதிப்பாய்வாளர், பதிப்பாசிரியர், வெளியீட்டாளர் ஆகிய நால்வரின் பொறுப்புகளையும் இவை வரையறுக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை சந்தா இதழ்களுக்கும் பொதுவானவையே. எனினும், திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றில் வெளியீட்டுச் செலவைக் கட்டுரையாளர் தரப்பே ஏற்பதால், கட்டணம் செலுத்துவதற்கும் கட்டுரை ஏற்கப்படுவதற்கும் எவ்விதத் தொடர்பும் இருத்தல் கூடாது என்னும் விதி இவ்விதழ்களில் தனி முக்கியத்துவம் பெறுகின்றது.

பின்னணி

ஆய்விதழ்கள் நெடுங்காலம் நூலகங்கள் செலுத்தும் சந்தாவைக் கொண்டே நடத்தப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்தாக்கள் பெரிதும் உயர்ந்தன. பல பல்கலைக்கழகங்கள் தமக்குத் தேவையான இதழ்களைக்கூட வாங்க இயலாத நிலை ஏற்பட்டது. இணையத்தின் வளர்ச்சி இதற்கு ஒரு மாற்று வழியைத் திறந்தது. 1991 ஆம் ஆண்டில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க், பின்னர் ஆர்க்கைவ் எனப் பெயர் பெற்ற முன்பதிப்புக் களஞ்சியத்தைத் தொடங்கினார். 2000 ஆம் ஆண்டில் பயோமெட் சென்ட்ரல் நிறுவனம் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய மருத்துவ, உயிரியல் இதழ்களை வெளியிடத் தொடங்கியது.

2001 டிசம்பரில் அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற கூட்டத்தின் விளைவாக, 2002 பெப்ரவரி 14 அன்று புடாபெஸ்ட் திறந்த அணுக்க முனைவு வெளியிடப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் படிக்கவும் தரவிறக்கவும் படியெடுக்கவும் பகிரவும் உரிமை பெறவேண்டும் என்று அது கூறியது. 2003 இல் பெதெஸ்டா, பெர்லின் அறிக்கைகள் இக்கருத்தை மேலும் விரிவாக்கின. அதே ஆண்டில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், திறந்த அணுக்க இதழ்களின் அடைவைச் சுமார் 300 இதழ்களுடன் தொடங்கியது.

கட்டணமும் பதிப்பு முடிவும்

திறந்த அணுக்க இதழ் வாசகருக்கு இலவசம் என்றாலும், அதை நடத்துவதற்குச் செலவு உண்டு. இச்செலவை ஈடுசெய்ய இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. முதலாவது முறையில், கட்டுரை ஏற்கப்பட்டபின் கட்டுரையாளரோ அவருடைய நிறுவனமோ வெளியீட்டுக் கட்டணம் செலுத்துகின்றனர். 2003 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிளாஸ் உயிரியல் இதழ் ஒரு கட்டுரைக்கு 1,500 அமெரிக்க டாலர் பெற்றது. இரண்டாவது முறையில், ஓர் அறிவியற் கழகமோ பல்கலைக்கழகமோ அரசோ செலவை ஏற்கின்றது; வாசகரும் கட்டுரையாளரும் கட்டணம் செலுத்துவதில்லை. இது வைரத் திறந்த அணுக்கம் எனப்படுகின்றது.

முதலாவது முறையில் ஓர் இயல்பான இடர் உண்டு. ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் வெளியீட்டாளருக்கு வருவாய் ஆகும். மறுக்கப்படும் கட்டுரையை மதிப்பிடுவது செலவு மட்டுமே. எனவே, நெறி தவறாத இதழ்கள் கட்டணப் பிரிவையும் பதிப்பாசிரியர் குழுவையும் பிரித்து வைக்கின்றன. கட்டுரையாளர் கட்டணம் செலுத்துவாரா, விலக்குக் கோரியுள்ளாரா என்ற செய்தி, கட்டுரையை மதிப்பிடுவோருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. கட்டணத் தொகையையும் விலக்கு விதிகளையும் முன்கூட்டியே இணையதளத்தில் வெளியிடுவதும் இந்நெறியின் பகுதியாகும்.

முதன்மை நெறிமுறைகள்

சக மதிப்பாய்வு

அதே துறையைச் சேர்ந்த வல்லுநர்கள் கட்டுரையை ஆராய்ந்து கருத்துரைப்பது சக மதிப்பாய்வு ஆகும். ஒற்றை மறைவு முறையில் மதிப்பாய்வாளரின் பெயர் மட்டும் மறைக்கப்படும்; இரட்டை மறைவு முறையில் இரு தரப்புப் பெயர்களும் மறைக்கப்படும். திறந்த முறையில் பெயர்களோ மதிப்பாய்வு அறிக்கைகளோ வெளியிடப்படும். எந்த முறை பின்பற்றப்படுகின்றது என்பதை இதழ் தெளிவாக அறிவிக்கவேண்டும். 2006 டிசம்பரில் தொடங்கப்பட்ட பிளாஸ் ஒன் இதழ், கட்டுரையின் முக்கியத்துவத்தைக் கருதாது, ஆய்வு முறை சரியானதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டது. இவ்வளவுகோல் பின்னர்ப் பல இதழ்களால் பின்பற்றப்பட்டது.

கட்டுரையாளர் தகுதி

மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையாளராகப் பெயரிடப்படுவதற்கு நான்கு தகுதிகளை வரையறுத்துள்ளது. ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்களிப்பு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல் ஆகியவை அவையாகும். நான்கும் நிறைவேறவேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகவோ ஆய்வகத்துக்கு நிதி பெற்றுத் தந்தவர் என்பதற்காகவோ ஒருவருடைய பெயரைச் சேர்ப்பது நெறி மீறலாகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொறுப்பேற்க இயலாதவை என்பதால், அவற்றைக் கட்டுரையாளராகப் பெயரிட இயலாது என்று பதிப்பு அறக்குழு 2023 இல் அறிவித்தது.

ஆய்வு அறமும் நலமுரணும்

மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு அறக்குழுவின் ஒப்புதலும், பங்கேற்போரின் அறிந்த இசைவும் தேவை. உலக மருத்துவச் சங்கத்தின் 1964 ஆம் ஆண்டு எல்சிங்கி சாற்றுரை இதற்கு அடிப்படை ஆவணமாகும். ஆய்வுக்கு நிதி வழங்கியவர், கட்டுரையாளரின் பங்கு முதலீடுகள், ஆலோசனை ஊதியங்கள் முதலியவற்றைக் கட்டுரையிலேயே வெளிப்படுத்தவேண்டும். தொடர்பு இருப்பதே குற்றம் ஆகாது. அதை மறைப்பதே குற்றமாகக் கருதப்படுகின்றது.

உரிமமும் எழுத்துத் திருட்டும்

பெரும்பாலான திறந்த அணுக்க இதழ்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றுள் மிகவும் தளர்வான குறிப்பிடுதல் உரிமத்தின்கீழ், கட்டுரையை எவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மூலக் கட்டுரையாளரைக் குறிப்பிடவேண்டும். இங்கு இரு வேறு கருத்துருக்கள் அடிக்கடி குழப்பப்படுகின்றன. பதிப்புரிமை மீறல் என்பது சட்டச் சிக்கல். எழுத்துத் திருட்டு என்பது, பிறருடைய ஆக்கத்தைத் தன்னுடையதாகக் காட்டும் அறச் சிக்கல். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலிலிருந்து மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வதும் எழுத்துத் திருட்டே.

திருத்தமும் மீளப்பெறலும்

சிறு பிழைகளுக்குத் திருத்தக் குறிப்பு வெளியிடப்படும். முடிவுகளையே நம்ப இயலாத நிலையில் கட்டுரை மீளப்பெறப்படும். மீளப்பெறல் என்பது அழித்தல் அன்று. கட்டுரை அதே முகவரியில், மீளப்பெறப்பட்டது என்ற குறியுடன் தொடர்ந்து இருக்கும். காரணத்தைக் கூறும் அறிவிப்பு அதனுடன் இணைக்கப்படும். அக்கட்டுரையை ஏற்கனவே மேற்கோள் காட்டியோர் உண்மை நிலையை அறிவதற்கு இது இன்றியமையாதது.

நெறிகளை வகுக்கும் அமைப்புகள்

1997 இல் பிரித்தானிய மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர் சிலர் தொடங்கிய பதிப்பு அறக்குழு, இன்று அனைத்துத் துறைகளுக்கும் வழிகாட்டுகின்றது. 2008 இல் திறந்த அணுக்க வெளியீட்டாளர் சங்கம் உருவானது. 2013 இல் இவ்விரண்டும், திறந்த அணுக்க இதழ்களின் அடைவும், மருத்துவப் பதிப்பாசிரியர்களின் உலகச் சங்கமும் இணைந்து, வெளிப்படைத்தன்மைக்கான பொதுக் கோட்பாடுகளை வெளியிட்டன. 2014 இல் அடைவு தன் தகுதி விதிகளைக் கடுமையாக்கி, எல்லா இதழ்களும் மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும் என்று அறிவித்தது. விண்ணப்பிக்காத சுமார் 3,300 இதழ்கள் 2016 இல் நீக்கப்பட்டன.

நெறி தவறிய நிகழ்வுகள்

விதிகளை இணையதளத்தில் எழுதிவைப்பது எளிது. அவை உண்மையில் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதே கேள்வி. 2009 இல் ஒரு கணினி நிரல் உருவாக்கிய பொருளற்ற கட்டுரை, பெந்தம் நிறுவனத்தின் திறந்த அணுக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. இதழ் அதை ஏற்று 800 டாலர் கட்டணம் கோரியது. இதையடுத்து அவ்விதழின் முதன்மைப் பதிப்பாசிரியர் பதவி விலகினார்.

2013 இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொகானன் விரிவான சோதனை ஒன்றை நடத்தினார். பாசிப்பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட பொருள் புற்றுநோய் உயிரணுக்களைத் தடுக்கின்றது என்னும் போலிக் கட்டுரையை, வெளிப்படையான தவறுகளுடன், 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன, 98 மறுத்தன, ஏனையவை முடிவு எதையும் அறிவிக்கவில்லை. கட்டணம் பெறும் இதழான பிளாஸ் ஒன், அதிலிருந்த அறச் சிக்கல்களைச் சுட்டிக்காட்டிய ஒரே இதழாக இருந்ததுடன், கட்டுரையை மறுக்கவும் செய்தது. கட்டணம் பெறுவதே தவறன்று, கட்டணத்துக்கும் முடிவுக்கும் இடையில் மதிப்பாய்வு இல்லாமையே தவறு என்பதற்கு இது சான்றாகும்.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்தின் மீது, ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016 இல் வழக்குத் தொடர்ந்தது. முறையான மதிப்பாய்வு இன்றிக் கட்டுரைகளை வெளியிட்டது, கட்டணத்தை மறைத்தது, ஒப்புதலின்றி அறிஞர்களின் பெயர்களைப் பயன்படுத்தியது முதலியவை குற்றச்சாட்டுகள். 2019 இல் நீதிமன்றம் 50.1 மில்லியன் டாலர் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

பெயர் பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1997 இல் கெய்ரோவில் தொடங்கப்பட்ட இந்தாவி நிறுவனத்தை 2021 இல் வைலி நிறுவனம் 298 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதன் சிறப்பிதழ்கள் பலவற்றில் விருந்தினர் பதிப்பாசிரியர்கள் வழியாகப் போலிக் கட்டுரைகள் நுழைந்தன. இத்தகைய கட்டுரைகளைத் தயாரித்து, கட்டுரையாளர் இடங்களை விலைக்கு விற்கும் வணிக அமைப்புகள் கட்டுரை ஆலைகள் எனப்படுகின்றன. பிறர் உரையைச் சொல் மாற்றிப் பயன்படுத்துவதால், செயற்கை நுண்ணறிவு என்பதற்குப் பதிலாகப் போலி உணர்வுநிலை என்பது போன்ற விந்தையான சொற்றொடர்கள் ஐயத்துக்குரிய கட்டுரைகளில் காணப்படுகின்றன. 2023 இல் மட்டும் இந்தாவி இதழ்களில் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில், இந்தாவி என்னும் பெயரைக் கைவிடப்போவதாக வைலி அறிவித்தது.

இந்தியாவில்

இந்தியாவில் இந்திய அறிவியல் கழகம் தன் இதழ்களை இணையத்தில் இலவசமாக வழங்கி முன்னோடியாக விளங்கியது. சென்னையைச் சேர்ந்த தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாச்சலம் திறந்த அணுக்கத்தை நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளார்.

மறுபுறம், போலி இதழ்களும் இங்கு பெருகின. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 ஆம் ஆண்டு விதிகள், ஆசிரியர் பதவி உயர்வுக்கு வெளியீடுகளுக்கும் புள்ளிகள் வழங்கின. முனைவர் பட்ட மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்கவேண்டும் என 2009 விதிகள் கூறின. குறித்த காலத்துக்குள் ஒரு வெளியீடு தேவைப்பட்ட மாணவர்களும் ஆசிரியர்களும், சில நாட்களிலேயே கட்டுரையை ஏற்கும் இதழ்களின் வாடிக்கையாளர் ஆயினர். மானியக் குழு 2017 இல் ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. ஆனால் 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2019 இல் கேர் எனப்படும் புதிய பட்டியல் வந்தது. 2025 இல் அதுவும் கைவிடப்பட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவருக்கான கட்டாய வெளியீட்டு விதி 2022 இல் நீக்கப்பட்டது.

விமர்சனங்கள்

கொலராடோ பல்கலைக்கழக நூலகர் செப்ரி பீல், 2010 இல் வேட்டை இதழ்கள் என்னும் பொருள்படும் தொடரை உருவாக்கி, அத்தகையோரின் பட்டியலைப் பராமரித்தார். ஒருவரின் தனித் தீர்ப்பை நம்பியது, வளரும் நாடுகளின் சிறு இதழ்களை ஐயுற்றது ஆகிய விமர்சனங்கள் அப்பட்டியல் மீது எழுந்தன. 2017 சனவரியில் அது நீக்கப்பட்டது.

நெறி மீறல் திறந்த அணுக்கத்துக்கு மட்டும் உரியதன்று. தடுப்பூசியை மதியிறுக்கத்துடன் தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்பீல்டின் 1998 ஆம் ஆண்டுக் கட்டுரை, சந்தா இதழான லான்செட்டில் வெளிவந்தது. அது முழுமையாக மீளப்பெறப்பட 2010 வரை, அதாவது 12 ஆண்டுகள் ஆயிற்று.

உயர்ந்த கட்டணங்களும் ஓர் அறச் சிக்கலாகக் கருதப்படுகின்றன. 2020 இல் நேச்சர் இதழ் திறந்த அணுக்கத்துக்கு 9,500 யூரோ கட்டணம் அறிவித்தது. வாசகரைத் தடுத்த சுவர் நீங்கி, ஏழை நாடுகளின் கட்டுரையாளரைத் தடுக்கும் சுவர் எழுகின்றது என்பது விமர்சகர்களின் வாதம்.

ஓர் இதழை மதிப்பிடல்

பன்னாட்டுத் தொடர் வெளியீட்டு எண் இருப்பது தரத்துக்குச் சான்றாகாது. அது ஓர் இதழை அடையாளம் காண உதவும் எண் மட்டுமே. பின்வருவன கூடுதல் பயன் தருவன:

* திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் இதழ் இடம்பெற்றுள்ளதா எனச் சரிபார்த்தல்
* பதிப்பாசிரியர் குழு உறுப்பினர்கள் தம் சொந்த நிறுவனப் பக்கங்களிலும் அவ்விதழைக் குறிப்பிட்டுள்ளனரா எனப் பார்த்தல்
* கட்டணமும் மதிப்பாய்வு முறையும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டுள்ளனவா என அறிதல்
* முந்தைய கட்டுரைகள் சிலவற்றைப் படித்துப் பார்த்தல்
* மதிப்பாய்வுக்கு நம்பத்தகாத அளவு குறுகிய காலம் உறுதியளிக்கப்பட்டால் ஐயுறுதல்
* இதழ் எப்போதேனும் திருத்தம் அல்லது மீளப்பெறல் அறிவிப்பு வெளியிட்டுள்ளதா என நோக்குதல்

இவற்றுள் இறுதியானது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டும் ஒரு பிழையைக்கூட ஒப்புக்கொள்ளாத இதழ், பிழையே இல்லாத இதழாக இருப்பதைவிட, பிழைகளைத் தேடாத இதழாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இவற்றையும் பார்க்கவும்

* சக மதிப்பாய்வு
* எழுத்துத் திருட்டு
* கிரியேட்டிவ் காமன்ஸ்
* முன்பதிப்பு