பள்ளியாசிரியர் பயிற்றுநரான வரலாறு

உதைபந்தாட்டத்தில் புகழ் பெற்ற ஆட்டக்காரர் எல்லாரும் புகழ் பெற்ற பயிற்றுநராகிவிடுவதில்லை. அவ்வாறே, பெரும் பயிற்றுநர் அனைவரும் தம் இளமையிற் பேராட்டக்காரராய் விளங்கியவரும் அல்லர். போர்த்துக்கல் நாட்டு ஜோசே மொறின்யோவை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தையார் கோல் காப்பாளராய் ஆடிப் பின்னர் பயிற்றுநரானவர். மைந்தரோ சிறு கழகங்களிற் சில காலம் ஆடியதோடு நின்றுவிட்டு, லிஸ்பன் நகரில் உடற்கல்வி பயின்று, பாடசாலைகளில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1992ஆம் ஆண்டிலே பொபி றொப்சன் என்னும் ஆங்கிலேயப் பயிற்றுநருக்கு மொழிபெயர்ப்பாளராய்ச் சேர்ந்த அவர், 2004இல் போர்ட்டோ கழகத்தைத் தாமே பயிற்றி ஐரோப்பிய வாகையராக்கினார். இதைக் கேட்டு வியப்போர் பலர். ஆனால், பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டுக் களத்துக்குச் செல்லும் இவ்வழியில், அவருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே நமக்கு அண்மையில் ஒருவர் நடந்திருக்கிறார். அவரே ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் றஹீம்.

1909ஆம் ஆண்டிற் பிறந்த றஹீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்றவர். அங்கே பல்கலைக்கழக அணியிலும், பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் ஆடினார். தொழிலோ ஆசிரியத் தொழில். சில ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்னர், உடற்கல்வியில் தகைமைச் சான்று பெற்று விளையாட்டாசிரியரானார். இங்கே ஒரு சொல். நேரசூசி வகுக்கும்போது, எந்த ஆசிரியருக்குப் பாடம் குறைகிறதோ அவர் தலையில் விளையாட்டைக் கட்டிவிடும் வழக்கம் நம் பாடசாலைகளிலும் உண்டு. அதிபராகிய நானும் அதைச் செய்தவனே. றஹீமின் வரலாற்றைப் படித்த பின்னர் அவ்வாறு செய்யக் கை கூசுகிறது.

1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பதவியும், 1950இல் அந்நகரப் பொலிஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரை வந்தடைந்தன. அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இதன் இரகசியம் யாது? இளைஞருக்கென அவர் நடத்திய சில போட்டிகளைப் பார்த்தால் விளங்கும். ஒரு போட்டியிலே பந்தைத் தன் காலோடு உருட்டிக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடலாகாது. வந்த பந்தை உடனே தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்றொரு போட்டியிலே எந்தக் கால் வலுக்குறைந்ததோ அந்தக் காலாலேயே ஆடவேண்டும். "பந்தைத் தனியாக வைத்துக்கொண்டிராதே" என்று ஒரு சிறுவனுக்கு நூறு முறை சொல்லலாம், அவனுந் தலையாட்டுவான், களத்தில் இறங்கியதும் மறந்துவிடுவான். வைத்துக்கொள்ளவே இயலாதபடி ஆட்டத்தின் விதியை மாற்றிவிட்டால், அறிவுரை தேவையில்லை. பழக்கம் தானே படிகிறது. கற்பித்தலில் நெடுநாட் பழகியவருக்கே இத்தகைய யோசனை தோன்றும் என்பது என் எண்ணம்.

1950ஆம் ஆண்டளவில் இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951இல் புது டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறுவருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனப் படுதோல்வி. குளிர் நாட்டிலே இந்திய வீரர் பலர் வெறுங்காலோடு ஆடினர்; அதன் பின்னரே காலணி கட்டாயமாயிற்று. அதே 1952இல் நமது கொழும்பிலே இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் மோதிய கொழும்புக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதலாண்டு இந்தியாவும் பாக்கிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. 1955 வரை நடந்த ஏனைய மூன்றையும் இந்தியாவே கைப்பற்றியது. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலே, நெவில் டிசூசாவின் மூன்று கோல்களுடன் அவுஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி, அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணியாகி, இறுதியில் நான்காம் இடம் பெற்றது.

1960இல் றோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1 எனத் தோல்வி. பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை. பெருவிடம் 3-1 எனத் தோல்வி. பெருவுக்கு எதிரான அந்த ஒரு கோலை அடித்தவர் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர். அவ்வணியில் றஹீமின் மகன் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆயினும் ஓர் ஆட்டத்திலும் அவர் களமிறக்கப்படவில்லை. தன் பிள்ளையைத் தன் வகுப்பிலேயே வைத்துக் கற்பித்த ஆசிரியர்களுக்கு அந்தத் தந்தையின் நிலை விளங்கும்.

அவருடைய தீர்ப்புத் திறன் முழுவதும் வெளிப்பட்டது 1962இல் யகார்த்தாவில். முதலாட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்திலே பின்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்கின் தலை பிளந்து தையல் போடப்பட்டது. பின்வரிசையிலே வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளவேண்டியவருக்கு அது பெரும் இடர். மற்றொருவராயின் அவரை ஓய்வெடுக்க விட்டிருப்பார். றஹீமோ அவரை முன்வரிசையின் நடுவிலே நிறுத்தினார். தென் வியட்னாமுக்கு எதிரான அரையிறுதியில் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னெயில் ஒன்றும் அடிக்க, 3-2 என வெற்றி கிட்டியது.

இறுதியாட்டம் செப்டெம்பர் 4. எதிரணி அதே கொரியா. இஸ்ரேலும் தைவானும் விழாவுக்கு அனுமதிக்கப்படாததை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தமையால், அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியர்மீது கடுஞ்சினங் கொண்டிருந்தது. இந்நிலையில் ஓர் இக்கட்டு. பிரத்யுத் பர்மன் என்னும் இளைஞர் முந்திய ஆட்டங்களிற் கோலை நன்கு காத்திருந்தார். மூத்தவரான பீற்றர் தங்கராஜோ காய்ச்சலிலிருந்து எழுந்தவர். ஐதராபாத்திற் பிறந்த அத்தமிழர், நீலகிரி வெலிங்டனில் மதராஸ் படைப்பிரிவிலே சேர்ந்து, முதலில் முன்வரிசையில் ஆடிப் பின்னர் கோல் காப்பாளரானவர். ஆறடிக்கு மேல் உயரமானவர். றஹீம் தங்கராஜையே நிறுத்தினார். தவறாது ஆடிய இளைஞரை வெளியே இருத்துவது எளிய செயலன்று. தோற்றிருந்தால் அம்முடிவை உலகம் மன்னித்திராது. பதினேழாம் நிமிடத்திற் பி. கே. பானர்ஜியும், இருபதாம் நிமிடத்தில் தையற் போட்ட தலையோடு ஜர்னெயிலும் கோல் அடித்தனர். கொரியர் எண்பத்தைந்தாம் நிமிடத்திலேதான் ஒன்றைத் திருப்பினர். 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

ஒன்பது மாதங்களின் பின், 1963 யூன் 11ஆம் நாள், றஹீம் புற்றுநோயால் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. ஆசிய விழாவில் இந்தியா அதன் பின்னர் உதைபந்தாட்டத் தங்கத்தை வென்றதில்லை.

அவரிடம் ஆடியவர் பலர் அவர் தொழிலையே மேற்கொண்டனர். பானர்ஜி கல்கத்தாவின் பெருங்கழகங்களையும் இந்திய அணியையும் பயிற்றினார். ஹக்கீமும் பயிற்றுநரானார். தங்கராஜ் கோவாவின் வாஸ்கோ கழகத்துக்குப் பயிற்சியளித்தார்; 2008இல் பொக்காரோவிற் காலமானார். 1973இல் எர்ணாகுளத்திலே கேரளம் றெயில்வே அணியை 3-2 என வென்று முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை ஏந்தியபோது, அவ்வணியின் பயிற்றுநராய் நின்றவர், றோமில் அந்த ஒரு கோலை அடித்த சைமன் சுந்தரராஜ்.