புதுப்பித்த பழைய காருக்கு 'பாலிஷ்': அவசரப்பட்டால் செலவு இரட்டிப்பு

நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் அறிமுகமானது. அப்பா ஓட்டிய அந்தக் காரை விற்க மனமில்லாமல் புதுச் சாயம் அடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தச் சாயம் நிலைப்பது மேலே அடிக்கும் 'கிளியர் கோட்'டைப் பொறுத்தது.

புதிய கிளியர் கோட் ஆரஞ்சுத் தோல்போல் சற்று மேடு பள்ளமாக இருக்கும். அதைத் தேய்த்துச் சமமாக்கினால்தான் கண்ணாடிபோல் மின்னும். ஆனால், அதன் கனம் பொதுவாக 50 மைக்ரோன் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் சாயம் வெளுக்காமல் காப்பதும் அதுவே. எனவே, ஒரு பூச்சு கூடுதலாக அடிக்கும்படி பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டின்னில் குறித்துள்ள நேரம்வரை காய்ந்தபின், நிழலில் வேலையைத் தொடங்கலாம். 1500 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான கட்டையில் சுற்றி, அழுத்தாமல் நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். அடுத்து 2000, பிறகு 3000. கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பூச்சு சீக்கிரம் தேயும். அங்கே டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வழியும் தண்ணீர் பால்போல் இருந்தால் பயமில்லை. காரின் நிறம் கலந்து வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அந்தப் பாகத்திற்கு மறுபடியும் சாயவேலைதான். வெள்ளைக் காரில் இந்த அடையாளம் தெரியாது என்பதால் கூடுதல் கவனம் தேவை.

கடைசியாகக் காம்பவுண்டு, பாலிஷ். மெஷினை ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூடேறிப் பூச்சு கருகிவிடும். மெழுகு பூச மட்டும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.