பச்சிளங்குழந்தையின் செவித்திறன்: மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்

கைதட்டினால் குழந்தை திடுக்கிடுகிறது. ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்று பெற்றோர் பலர் அமைதி கொள்வதுண்டு. ஒரு காது மட்டும் கேளாத குழந்தையும், மெல்லிய பேச்சொலி கேளாத குழந்தையும் அவ்வாறே திடுக்கிடக்கூடும். ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 குழந்தைகள் கேட்டல் குறைபாட்டுடன் பிறக்கின்றன. அதனைக் கண்டறியக் கருவிப் பரிசோதனையே ஏற்ற வழி.

ஓஏஇ பரிசோதனையில், காதில் மிருதுவான சிறு முனை பொருத்தி மெல்லிய ஒலி செலுத்தப்படும். நலமான உட்செவி மறுமொழியாக நுண்ணொலி எழுப்பும். கருவி அதனைப் பதிவு செய்யும். ஏபிஆர் பரிசோதனையில், தலையில் ஒட்டப்படும் மின்முனைகள், ஒலி செவிநரம்பின் வழியே மூளைத்தண்டை அடைகிறதா எனக் காட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாள்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஏபிஆர் அவசியம்; செவிநரம்பின் குறை ஓஏஇயில் புலப்படாது. இரண்டிலும் ஊசியில்லை, வலியில்லை. பால் அருந்தி உறங்கும் வேளையே ஏற்றது.

'மறுபரிசோதனை தேவை' என்று முடிவு வந்தால் கலங்க வேண்டா. செவிக்குழாயில் தங்கிய வெண்ணிறப் படிவோ நடுச்செவி நீரோ காரணமாகலாம். ஆயினும், தானே சரியாகிவிடும் என்று வாளாவிருத்தல் தவறு. 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதங்களுக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதங்களுக்குள் செவிக்கருவி முதலிய சிகிச்சை என்பதே மருத்துவ உலகின் இலக்கு. குழந்தை பேசத் தொடங்குமுன்னரே அதன் மூளை மொழியைக் கேட்டுப் பழகுகிறது. இழந்த மாதங்களை ஈடுசெய்வது கடினம்.

பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் குறை தோன்றலாம். ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிடில் மருத்துவரை அணுகுங்கள். மறுபரிசோதனை நாளை, வீடு திரும்புமுன் கேட்டுத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.