கடல் கடந்தோர் நினைவிற் கல்லூரி

இம்மலருக்கெனக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் விடுத்த கட்டுரைகளைப் பார்வையிடும் பணி, தமிழாசிரியன் என்ற முறையில் என்பால் ஒப்படைக்கப்பட்டது. கோலாலம்பூர், இலண்டன், ரொறன்ரோ எனப் பல திசைகளினின்றும் வந்த அவற்றுள் இலக்கண பாடத்தைப் பற்றி ஒரு வரிதானும் இல்லை. மைதான ஓரத்து வேம்பு, கிணற்றடி வாளி, சரஸ்வதி பூசைக்கு அவல் குழைத்த அண்டா, பிந்தி வந்து வாயிற்கதவருகே நின்ற காலைப்பொழுது ஆகியனவே நிறைந்து கிடக்கின்றன. இஃது ஏன்?

இவ்வகை நினைவு தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்று 243ஆம் பாட்டில் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். நீர்த்துறையிலே தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய அவ்விளமை எங்கே போயிற்று என்பது அவர் வினா. இன்றோ கையிலே தண்டு. இருமலுக்கிடையே சில சொற்கள். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அப்பாட்டில் வரும் தண்டைக்கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என அவர் அறியப்படுகின்றார். தாம் கற்ற நூலொன்றையும் அவர் நினைந்திலர். உடல் துணிந்து செய்ததும் வாய் நாடோறும் சொன்னதும் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். இருந்து கேட்டது அவ்வாறு நில்லாது. ஆசிரியர்களாகிய நாம் இதனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் அன்பர்களுக்கோ ஆண்டுகளோடு கடலும் இடையே கிடக்கின்றது. ஊரிலிருப்பவன் கல்லூரி சிறிது சிறிதாக மாறுவதைக் காண்பதால் மாற்றம் அவனுக்குத் தோன்றுவதில்லை. சென்றவனுக்கு அது புறப்பட்ட நாளிற் கண்டபடியே நின்றுவிடுகின்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கப் பகுதிகளிலும் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தார் பலர், விடுமுறையில் வந்தும் ஓய்வூதியத்தோடு திரும்பியும் தம் நினைவைத் திருத்திக்கொண்டனர். 1983க்குப் பின் சென்றோர்க்கு அவ்வாய்ப்பு அரிதாயிற்று. பலர் அகதிகளாகச் சென்றவர்கள். கண்டி வீதியும் 1990 முதல் 2002 வரை மூடுண்டு கிடந்தது. 2006இல் மீண்டும் மூடப்பட்டுப் போர் முடிந்த பின்னரே திறந்தது.

எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர் ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகளின் பின் கனடாவிலிருந்து வந்தார். “தம்பி, வேம்பு எங்கே?” என்பதே அவர் முதற்கேள்வி. புதிய வகுப்பறைக் கட்டடத்துக்காகத் தறித்துவிட்டோம் என்றேன். அவர் முகம் வாடியது. மரத்துக்காக இவ்வளவா என்று எனக்குச் சற்றுச் சினமும் உண்டாயிற்று.

பின்னர் அலுவலகத்தில் இருந்து பேசுகையில், பழைய சேர்விடாப்பைப் பார்க்க விரும்பினார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது நாம் விட்டுச்சென்ற ஏடுகள், 1996இல் திரும்பியபோது இருக்கவில்லை என்றேன். அவர் ஒரு தாளைக் கேட்டு வாங்கினார். 1994இல் பத்தாம் ஆண்டு வகுப்புக்கு அவரே மொனிற்றர். நாடோறும் வரவு கூப்பிட்டவர். கண்ணை மூடிக் கூப்பிடுவது போலவே மெல்லச் சொல்லிச் சொல்லி, நாற்பத்தொருவருள் முப்பத்தொன்பது பெயர்களை இலக்க ஒழுங்கில் எழுதினார். என் சினம் போன இடம் தெரியவில்லை.

நினைவு பிழைபடுவதும் உண்டு. அத்தாளை அவ்வகுப்பினர் வேறிருவருக்கு அனுப்பி ஒப்புநோக்கினேன். ஒரு பெயர் மறுவகுப்புக்குரியது என இருவருமே தனித்தனி எழுதினர், அதனை நீக்கினேன். எஞ்சிய முப்பத்தெட்டில் ஐவர் இன்று உயிருடன் இல்லை. அவருள் ஒருவரின் தாயார் செய்தி கேட்டு வந்தார். மகன் படித்தான் என்பதற்கு ஒரு துண்டுக் கடிதமும் அவரிடம் எஞ்சவில்லை. பதினேழாம் இலக்கத்தின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் இருந்துவிட்டு, ஒன்றும் பேசாது சென்றார்.

ஆதலால் கடல் கடந்த அன்பர்களே, “பொற்காலம்” என்று எழுதி அனுப்பாதீர்கள். அச்சொல் இம்மலருக்கு வந்த கட்டுரைகளிலே போதிய அளவு உண்டு. எந்த ஆண்டு, எந்த வகுப்பு, பக்கத்து வாங்கில் இருந்தவர் யார், எவ்வாசிரியர் எப்பாடம் கற்பித்தார், மத்தியானம் எதை உண்டீர்கள் என்பவற்றை எழுதுங்கள். தமிழ் எழுதக் கை தயங்கினால் பிழையோடு எழுதுங்கள். திருத்துவதற்குத்தான் நான் இருக்கின்றேன்.

அத்தாள் இப்போது நூலக அலுமாரியில் உள்ளது. ஒன்பது, இருபத்தாறு, முப்பத்துமூன்று ஆகிய இலக்கங்கள் வெறுமையாயிருக்கின்றன. 1994இல் அவ்வகுப்பில் இருந்தோர் எவரேனும் இதனைக் காணின் அப்பெயர்களை அறியத்தருக.