வீட்டில் ஒரு சொதி விருந்து

திருநெல்வேலிப் பக்கம் சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காய்கறிகளை வேகவைத்துச் செய்யும் குழம்பு. கல்யாணம் முடிந்த கையோடு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் மறுவீட்டு விருந்தில் இதற்குத்தான் முதல் இடம். மாப்பிள்ளைச் சொதி என்ற பெயர் அப்படி வந்தது. யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. அது இடியாப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்ளும் நீர்த்த பால்குழம்பு. நெல்லைச் சொதி கெட்டியானது, சோற்றில் பிசைந்து சாப்பிடுவது.

நெருங்கிய சொந்தம், நண்பர்கள் என்று பத்துப் பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுபவர்களுக்கு இதைவிடத் தோதான விருந்து இல்லை. முழு இலைச் சாப்பாடு என்றால் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், அவியல் என்று அடுப்பு ஓயாது. சமைப்பவரால் வந்தவர்களின் முகத்தைக்கூட சரியாகப் பார்க்க முடியாது. சொதி வைக்கும் நாளில் சாம்பார் வேண்டாம். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம், ஒரு பாயசம், தயிர். இவ்வளவு போதும், குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது மதியச் சாப்பாட்டுக்கு உரியது. தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக நிற்கும் என்பதால் இரவுக்கு ஒத்துவராது. அசைவம் இல்லாததால் புரட்டாசியிலும் தயங்காமல் அழைக்கலாம். ஆனால் சொதியில் வெங்காயமும் பூண்டும் உண்டு. விரத நாளில் அவற்றைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, மூன்று பெரிய தேங்காய், நூறு கிராமுக்குச் சற்று கூடுதலாகச் சிறுபருப்பு, எல்லாக் காய்களும் சேர்த்து ஒரு கிலோ, ஒரு லிட்டர் தயிர் என்பது ஏறக்குறைய சரியான கணக்கு. முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப்பட்டாணி ஆகியவை வழக்கமான காய்கள். புளிப்பும் கசப்பும் உள்ள காய்களைச் சேர்ப்பதில்லை. தேங்காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். இளசானால் பால் கெட்டியாக வராது.

முதல் நாள் இரவே முடித்துவைக்கக்கூடியது இஞ்சிப் பச்சடி. இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த மிளகாய் வற்றல், உளுந்து, புளி, வெல்லம் சேர்த்து அரைப்பது. புளியும் வெல்லமும் எண்ணெயும் இருப்பதால் கெடாது; மறுநாள் ருசி இன்னும் கூடியிருக்கும். தேங்காய்ப்பாலின் கனத்தை இஞ்சி செரிக்கவைக்கும் என்பது நெல்லை வீடுகளின் நம்பிக்கை. அதனால் சொதி இருக்கும் இலையில் இஞ்சி இல்லாமல் இருக்காது. தயிருக்கு உறை ஊற்றுவதும் அன்றிரவு வேலைதான். தேங்காய்ப்பாலை மட்டும் முன்கூட்டி எடுத்து வெளியே வைக்கக் கூடாது. சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

காலையில் தேங்காயைத் துருவி, வெந்நீர் தெளித்து அரைத்து, முதல் பாலைக் கெட்டியாகப் பிழிந்து தனியே மூடிவைக்க வேண்டும். அதே சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால். சின்ன வெங்காயம், பூண்டு, காய்களை வதக்கி மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். காய் பாதி வெந்ததும் பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது, குழைய வெந்த சிறுபருப்பு, இரண்டாம் பால், உப்பு எல்லாம் சேரும். இதுவரை அவசரமில்லை, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இந்த நிலையில் இறக்கி வைத்துவிடலாம்.

மீதி வேலை இலை போடும் நேரத்தில். குழம்பை மறுபடி சூடாக்கி, தீயைச் சிறிதாக்கி, முதல் பாலை ஊற்றிக் கிளற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் மெல்லிய நுரை கட்டும். அந்த நுரை நடுவுக்கு வருமுன் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. எலுமிச்சைச் சாறும் இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகுதான். கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு. இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் சமைப்பவரை யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பு, இஞ்சிப் பச்சடி, காரக்கறி மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். சோற்றின் நடுவில் குழித்துச் சொதியை ஊற்றுவார்கள். மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு மேசையில் இலை போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

பரிமாறத் தனியாக ஒருவர் வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆண்கள் செய்யத்தக்க வேலை இது. முதல் முறை வேண்டாம் என்பவர் கூச்சத்தில் சொல்லியிருப்பார். “அத்தான், இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டா?” என்று இரண்டாம் முறை கேட்க வேண்டும். இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினால் அது உண்மையான “போதும்”. அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது.

சமைத்தவரும் பரிமாறியவரும் இரண்டாம் பந்தியில் உட்காரும்போது, சாப்பிட்டு முடித்தவர்களில் ஒருவர் கரண்டியை வாங்கிக்கொள்வது பல வீடுகளில் நடப்பதுதான். மீந்த சொதியை அன்றைக்கே இடியாப்பத்தோடோ ஆப்பத்தோடோ தீர்த்துவிட வேண்டும். வெளியில் வைத்தால் மறுநாள் வரை தாங்காது.