வைட்டமின் டி மாத்திரை இதயத்தைக் காக்குமா?



பனியன் கம்பெனிக்குள் காலையில் போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறோம். வெயில் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். நமக்கு அது கிடைப்பதில்லை. உட்கார்ந்தே தைப்பதால் எடையும் கூடுகிறது. உடல் பருமனாக இருந்தால் இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடும், ரத்தத்தில் குறைந்துவிடும்.

"அப்போ மாத்திரை போட்டா ஹார்ட் அட்டாக் வராதுல்ல?" என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்கும், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. பருமனானவர்களுக்கும் இதே கதைதான்.

பரிசோதனையில் குறைவு தெரிந்தால், எலும்புக்காக டாக்டர் எழுதும் மாத்திரை அவசியம். 60,000 யூனிட் மாத்திரையைப் பொதுவாக வாரம் ஒன்றுதான் எழுதுவார்கள். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். கடையில நீங்களா வாங்கிப் போடாதீங்க. இதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க!

இதயத்தைக் காக்க என்ன செய்யலாம்?

• தையல் டேப்பால் வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

• பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பாருங்கள்.

• உப்பு, ஊறுகாய், கடை போண்டா குறையுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்தவர்களில் நம்மைப் போன்ற குழுப் பெண்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்க்கக் காசு கிடையாது. இந்த ஞாயிறு அன்றாவது வெயிலில் கொஞ்சம் நடப்போம்; அடுத்த குழுக் கூட்டத்துக்குள் எல்லோரும் பிரஷர் பார்த்துவிடுவோம்.