பெயர் தெரியாத கியர்பாக்ஸ்: எண்ணை நம்பலாமா?

1960களின் ஷெவர்லே காரில் இருக்கும் நான்கு கியர் கொண்ட கியர்பாக்ஸ் எது என்று அறிய, வார்ப்பு எண் மட்டும் போதாது. அது வெளிக்கூட்டின் எண். உள்ளே பல்சக்கரங்களை யாரேனும் மாற்றியிருக்கலாம். கூடு குடும்பத்தைத்தான் சொல்லும். பக்கவாட்டு மூடியில் ஒன்பது போல்ட் என்றால் போர்க்-வார்னர் டி-10. ஏழு என்றால் மன்சி அல்லது சாகினா; ரிவர்ஸ் லீவர் பின்கூட்டில் இருந்தால் மன்சி, மூடியிலேயே இருந்தால் சாகினா.

உள்ளிருப்பதை அறிய, கழற்றிய கியர்பாக்ஸை முதல் கியரில் போட்டு, பின் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்வரை முன் ஷாஃப்டைக் கையால் சுற்றி எண்ண வேண்டும். மன்சியில் சுமார் இரண்டரைச் சுற்று என்றால் எம்20 வகை, 2.2 என்றால் எம்21 அல்லது எம்22. இவ்விரண்டுக்கும் விகிதம் ஒன்றே, எண்ணி என்ன பயன் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. அங்கே மூடியைத் திறந்தே ஆகவேண்டும்: எம்22-இன் பற்களில் சாய்வு குறைவு, ஓடும்போது அது அவ்வளவு இரைவதும் அதனால்தான்.